நாலு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவே

பாளையங்கோட்டையில் சாயந்திரம் பள்ளிக்கூடம் விடுகிற நேரம். வேனும் ஆட்டோவும் தெருவை அடைத்து நிற்கும். எதிர்ப்பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். பிள்ளை ஏறுவதற்கு முன்பே ஒன்று கைக்கு வந்துவிடும். எடை கூடிப்போன பிள்ளையின் வீட்டில் முதலில் கைவைப்பது மத்தியானச் சோற்றில்தான். "சோத்தைக் குறைங்க, சப்பாத்தி கொடுங்க" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். நெல்லைச் சீமையில் பிள்ளைகளின் எடை பெரும்பாலும் கூடுவது சாயந்திரம் நாலு மணிக்கும் ராத்திரி ஒன்பது மணிக்கும் நடுவில். அந்த ஐந்து மணி நேரத்தை விட்டுவிட்டு மத்தியானச் சோற்றோடு மல்லுக்கட்டிப் பிரயோஜனம் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குத் தேவை ஏறத்தாழ 1,700 கலோரி என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 அட்டவணை. வீட்டுக்கு வந்ததும் ஒரு தம்ளர் பால், அதில் இரண்டு ஸ்பூன் மால்ட் பவுடர், இரண்டு ஸ்பூன் சீனி: சுமார் 200 கலோரி. கூடவே நாலு கிரீம் பிஸ்கட்: இன்னொரு 200. பத்து ரூபாய் சிப்ஸ்: 120 பக்கம். டியூசன் போகிற வழியில் ஒரு வடை: 130. திரும்பும்போது ஒரு சின்ன பாட்டில் கலர் சோடா: 100. மொத்தம் 750. ஒரு நாள் தேவையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் வீட்டில் யாரும் இதைச் சாப்பாட்டுக் கணக்கில் எழுதுவதில்லை. "பய ஒண்ணுமே சாப்பிடலியே" என்று ஒன்பது மணிக்கு மூன்று தோசை, அதுவும் செல்போனைக் கையில் கொடுத்து. விடிந்தால் பசியே இருக்காது. காலைச் சாப்பாட்டைத் தட்டிக் கழித்துவிட்டு வேன் ஏறுவான். மத்தியான டப்பாவில் பாதி திரும்பி வரும். நாலு மணிக்கு அகோரப் பசி. சக்கரம் அங்கேயிருந்து மறுபடி சுற்றும்.

முதலில் பிள்ளைக்கு எடை கூடுதலா என்பதே தெரிய வேண்டும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சுற்றியிருக்கிற பிள்ளைகளும் பருமனாகிவிட்டால் கண் அதற்குப் பழகிவிடும். உயரத்தை அளக்கும்போதுதான் தவறு அதிகம் நடக்கிறது. காலையில் அளக்க வேண்டும். பகலெல்லாம் நின்று நடந்தபின் சாயந்திரம் ஒரு சென்டிமீட்டர் வரை குறையும். செருப்பைக் கழற்றி, பெண்பிள்ளை என்றால் கொண்டையையும் உச்சிப் பின்னலையும் அவிழ்த்து, குதிகாலும் பிட்டமும் சுவரில் படும்படி நிறுத்தி, கண் நேராகப் பார்க்க, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைத் தலையில் மட்டமாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு. ஸ்கேலைத் தலையில் சாய்த்து வைத்தால் இரண்டு சென்டிமீட்டர்கூடத் தப்பாகும். எடையை கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது உடல் நிறை எண், பி.எம்.ஐ.

இந்த எண்ணை வைத்துக்கொண்டு பெரியவர்களுக்கான 25, 30 என்ற கோடுகளோடு ஒப்பிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிற தப்பு. பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது, ஆணுக்கும் பெண்ணுக்கும் கோடு மாறும். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி எட்டு வயதுப் பையனுக்கு 17.4 தாண்டினால் எடை கூடுதல், 19.7 தாண்டினால் உடல் பருமன், பெண்ணுக்கு 17.7, 20.6. பத்து வயதில் பையனுக்கு 18.5, 21.4, பெண்ணுக்கு 19.0, 22.6. பன்னிரண்டில் பையனுக்கு 19.9, 23.6, பெண்ணுக்கு 20.8, 25.0. பி.எம்.ஐ. 20 என்றதும் "நார்மல்தானே" என்று நிம்மதியாகிவிடுகிறவர்கள் உண்டு. எட்டு வயதுப் பையனுக்கு அது பருமனுக்குள் போன எண். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-இல் நம் பிள்ளைகளுக்கென்றே வளர்ச்சி அட்டவணை வெளியிட்டது. குழந்தை டாக்டரிடம் கேட்டால் அந்தத் தாளிலேயே புள்ளி வைத்துக் காட்டுவார். ஐந்து வயதுக்குக் கீழே இந்தக் கணக்கை வீட்டில் போட வேண்டாம். அங்கன்வாடியில் உயரத்துக்கேற்ற எடையைப் பார்த்துச் சொல்வார்கள்.

எண்ணே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு கயிறு போதும். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் உயரத்துக்கு ஒரு சணல் கயிற்றை வெட்டுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட நிலையில், வயிற்றைச் சுற்றிக் கட்டுங்கள். இரண்டு முனையும் எட்டினால் சரி. எட்டவில்லை என்றால் இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதியைத் தாண்டிவிட்டது. கொழுப்பு வயிற்றுக்குள் ஈரலைச் சுற்றிச் சேருகிறது என்று பொருள்.

கூடுதல் என்று தெரிந்ததும் பெற்றோர் செய்கிற அடுத்த தப்பு, எடையைக் குறைக்க இறங்குவது. வளருகிற பிள்ளைக்குப் பெரும்பாலும் அது தேவையே இல்லை. எட்டு வயதுப் பையன், 128 செ.மீ., 36 கிலோ. பி.எம்.ஐ. 22-க்கு ஒட்டி, பருமன். அந்த 36 கிலோவை இரண்டு வருசம் அப்படியே நிறுத்தி வைத்தால் போதும். பத்து வயதில் 139 செ.மீ. வந்திருப்பான். அப்போது பி.எம்.ஐ. 18.6. ஒரு கிலோகூடக் குறையாமல் பருமன் கோட்டைவிட்டுக் கீழே இறங்கி, எடை கூடுதல் என்ற கோட்டின் விளிம்புக்கு வந்துவிட்டான். ஆண்டுக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் வளருகிற வயதுக்கு உள்ள சலுகை இது. பருமன் உள்ள பிள்ளைக்கு டாக்டர் குறைக்கச் சொன்னாலும், ஆறு முதல் பதினொரு வயதில் மாதத்துக்கு அரைக் கிலோ என்பதே வழக்கமான வேகம். பட்டினி போட்டால் தசையும் சேர்ந்து கரையும், உயரமும் அடிபடும், ஒளித்து வைத்துத் தின்கிற பழக்கமும் வரும்.

"வளந்தா வத்திரும்" என்று காத்திருக்கிறவர்களும் இருக்கிறார்கள். குழந்தையின் உடல் நிறை எண் முதல் வருசம் ஏறி, பிறகு ஐந்தாறு வயது வரை மெல்ல இறங்கி, அப்புறம்தான் மறுபடி ஏறத் தொடங்கும். மூன்று நாலு வயதிலேயே அந்த ஏற்றம் தொடங்கிவிட்டால் பின்னாளில் பருமன் வர வாய்ப்பு அதிகம். ஒல்லியாக வேண்டிய வயதில் ஒல்லியாகிற பிள்ளையைப் பார்த்து "வாடிப் போயிட்டானே" என்று திணிப்பது இங்கேதான் வினையாகிறது.

அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. பசியைப் பார்த்த சீமை இது. காமராஜர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த எட்டயபுரம் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால் அம்மை நல்லா வளர்க்கிறாள் என்று பேர். ஒல்லியாக இருந்தால் ஊரே கேள்வி கேட்கும். அந்தப் பயம் தலைமுறை தாண்டி ஆச்சிமார் கையில் இருக்கிறது. இன்னொரு விஷயமும் உண்டு. புனேயில் டாக்டர் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் பிறந்த குழந்தைகளை அளந்து பார்த்ததில், நம் குழந்தைகள் இங்கிலாந்துக் குழந்தைகளைவிட எடையில் ஏறத்தாழ 800 கிராம் குறைவு. ஆனால் எடை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறைந்திருக்கவில்லை. குறைந்தது பெரும்பாலும் தசை. இரண்டரைக் கிலோவில் பிறந்த குழந்தையை "தேற்றுகிறோம்" என்று முதல் இரண்டு வருசத்தில் மளமளவென்று ஏற்றினால் ஏறுவது கொழுப்பாகவே இருக்கும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். பவுடர் பால் கொடுக்க நேர்ந்தால் டப்பாவில் அச்சிட்டிருக்கிற தண்ணீர் அளவுக்கு, மட்டமாக வழித்த ஸ்பூன். கும்பாரமாக அள்ளிப் போடுவதும், "கெட்டியா இருந்தா நல்லா தூங்கும்" என்று ஒரு ஸ்பூன் கூடப் போடுவதும் எடையை ஏற்றுவதோடு மலத்தையும் இறுக்கும். சத்துமாவுக் கஞ்சியிலும் ஏத்தங்காய்ப் பொடியிலும் இரண்டு வயது வரை சீனியும் வேண்டாம், கருப்பட்டியும் வேண்டாம். வாயைத் திருப்பிக்கொண்ட பிள்ளைக்கு நிலாவையோ செல்லையோ காட்டி இன்னொரு வாய் ஊட்டினால், போதும் என்று வயிறு சொல்வதைக் கேட்காமலிருக்கப் பழக்குகிறோம். நிலாவாவது பரவாயில்லை.

கருப்பட்டி பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். உடன்குடிக் கருப்பட்டி அருமையான பண்டம். வாசம், ருசி எல்லாம் உண்மை. ஆனால் அதில் பெரும்பங்கு சர்க்கரைதான். சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டி இரட்டிப்பாகப் போட்டால் கலோரி இரட்டிப்பு. பதநீரும் அப்படியே, கோடையில் ஒரு தம்ளர் சரி, தாகத்துக்குத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கிற சங்கதி இல்லை. அதே பனையிலிருந்து வருகிற நுங்கும் பனங்கிழங்கும் வேறு சாதி. தை மாசத்தில் அவித்த பனங்கிழங்கு ஒன்றை நாரைக் கிழித்துக் கிழித்துத் தின்ன கால் மணி நேரமாகும். மெல்ல மெல்ல வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிந்துவிடும். கிரீம் பிஸ்கட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது.

சாயந்திரத்தை மாற்றுவது மத்தியான டப்பாவிலிருந்து தொடங்குகிறது. டப்பா காலியாக வந்தால்தான் நாலு மணிப் பசி கைக்குள் அடங்கும். வெறும் எலுமிச்சம் சாதமும் உருளைக்கிழங்கும் கட்டினால் ஒரு மணிக்குத் தின்றது மூன்று மணிக்கு இறங்கிவிடும். சோறு ஒரு பங்கு, காய்க்கறி ஒரு பங்கு, பயறோ முட்டையோ பருப்போ ஒரு பங்கு. டப்பா திரும்பி வந்தால் திட்டுவதற்கு முன், சாப்பிட எத்தனை நிமிசம் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். சில பள்ளிகளில் கை கழுவுகிற வரிசையிலேயே பாதி நேரம் போகும். அப்போது வாயில் போட்டு மெல்ல எளிதானதைக் கட்ட வேண்டும்.

நாலரை மணிக்குப் பிள்ளை வீட்டுக்குள் நுழையும்போது பண்டம் தட்டில் தயாராக இருக்க வேண்டும். இதுதான் முழு விஷயத்திலும் முக்கியமான இடம். பசியோடு வந்த பிள்ளை அடுப்பில் ஏதோ வேகும்வரை காத்திருக்காது; தகர டப்பாவில் கையை விடும். முந்தின நாள் ராத்திரி ஒரு ஆளுக்கு 50 கிராம், அதாவது நாலு மேசைக்கரண்டி, தட்டப்பயறோ கொண்டைக்கடலையோ ஊறப்போடுங்கள். எட்டு மணி நேரம் ஊறினதைக் காலையில் குக்கரில் தட்டப்பயறு என்றால் இரண்டு மூன்று விசில், கடலை என்றால் ஆறு விசில் விட்டு, தண்ணீரை வடித்து வையுங்கள். வெயில் காலமென்றால் ஆறினதும் குளிர்பெட்டிக்குள். நெல்லை வெயிலில் வெளியே வைத்த பயறு நாலு மணிக்குள் நூல் விட்டுவிடும். சாயந்திரம் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, வத்தல், கருவேப்பிலை, மேலே ஒரு கரண்டி தேங்காய்த் துருவல். மொத்தம் 230 கலோரிக்குள் முடியும், 12 கிராம் புரதம். ஒருநாள் தோலோடு அவித்த நிலக்கடலை ஒரு கை, ஒருநாள் அவித்த முட்டையும் கொய்யாவும், ஒருநாள் அவித்த சீனிக்கிழங்கு, ஒருநாள் பொரியும் பொரிகடலையும். இரவு வரை தாங்கும். சுண்டல் தோற்றுப்போகிற வீடுகளில் இரண்டு காரணம்தான்: அதே பயறு ஐந்து நாளும் வருவது, அல்லது சுண்டலுக்குப் பக்கத்திலேயே பிஸ்கட் டப்பாவும் திறந்திருப்பது.

பால் குடிக்கட்டும், இரண்டு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 400 மில்லி போதும், தயிரும் மோரும் உட்பட. மால்ட் பவுடர் தேவையில்லை. சில பவுடர்களில் மூன்றில் ஒரு பங்கு சீனி. 2024 ஏப்ரலில் ஒன்றிய வணிக அமைச்சகம் இந்த வகைப் பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவிலிருந்து எடுத்துவிடும்படி இணைய விற்பனைத் தளங்களுக்குச் சொல்லியிருக்கிறது. வீட்டு அலமாரியில் மட்டும் அந்தப் பட்டம் இன்னும் போகவில்லை. சீனியை ஒரே நாளில் நிறுத்தினால் பால் தம்ளர் அப்படியே திரும்பி வரும். இரண்டு ஸ்பூனிலிருந்து வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்து வாருங்கள்; நாக்குக்குத் தெரியாது. கலர், பாட்டில் ஜூஸ், ரோஸ்மில்க் மட்டும் மெல்லக் குறைக்கிற வகையில் இல்லை. 250 மில்லி கோலாவில் 26 கிராம் சீனி, ஆறு டீஸ்பூனுக்கு மேல். ஒரு பிள்ளைக்கு நாள் முழுக்க அனுமதிக்கிற அளவு ஒரே மூச்சில் போகிறது, வயிறும் நிறையாது. வீட்டுக்குள் வாங்கி வைக்காமல் இருப்பது ஒன்றே வழி. வீட்டில் பிழிந்த பழச்சாறும் சக்கையை வடித்துவிட்டால் கிட்டத்தட்ட அதே கதைதான். சாத்துக்குடியை உரித்துக் கையில் கொடுங்கள்.

எண்ணெயையும் சீனியையும் பிள்ளையின் தட்டில் அளக்க முடியாது. மளிகைச் சீட்டில் அளக்கலாம். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் ஓடினால் தலைக்கு நாளொன்றுக்கு 38 கிராம். மூன்று லிட்டர் என்றால் 23 கிராம், இலக்கு அதுதான். ரேஷன் பாமாயிலையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும், பலர் விட்டுவிடுவார்கள். சீனி மூன்று கிலோ என்றால் தலைக்கு 25 கிராம், பிஸ்கட்டும் மிட்டாயும் கணக்கில் வராமலே. பிள்ளைக்கு மட்டும் தனிச் சமையல் செய்து மற்றவர்கள் அப்பளம் நொறுக்கினால் ஒரு வாரம் தாங்காது. வீட்டுக்கே எண்ணெய் குறைய வேண்டும். தேங்காய்ப்பால் சொதி வைக்கிற அன்று முதல் பாலைக் கடைசியில் கால் தம்ளர் மட்டும் ஊற்றி, காய்கறியை இரண்டாம், மூன்றாம் பாலில் வேகவிட்டால் ருசி அப்படியே இருக்கும். கூடவே உருளைக்கிழங்குப் பொரியலும் சிப்ஸும் வைக்காமல் இருந்தால் போதும், சொதி பாவம், அதன் மேல் குற்றமில்லை.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி புரோட்டா பார்சல் என்பது ஊர்ப் பழக்கம். தென்காசி, செங்கோட்டைப் பக்கம் போனால் அதற்கென்றே கார் நிற்கும். மைதாவை எண்ணெயில் ஊறப்போட்டு, வீசி, மறுபடி எண்ணெயில் சுட்ட ஒரு புரோட்டா சால்னா இல்லாமலே 250 கலோரிக்குக் குறையாது. முற்றாகத் தடை போடுவதைவிட எண்ணிக்கையை வாங்கும்போதே முடிவு செய்வது நல்லது. பிள்ளைக்கு ஒன்று, கூட ஒரு முட்டையோ நாலு துண்டு கோழிக்கறியோ, வீட்டில் வெட்டிய வெள்ளரியும் வெங்காயமும். சால்னாவைப் பாத்திரத்தில் ஊற்றிப் பத்து நிமிசம் வைத்தால் மேலே செக்கச் செவேலென்று எண்ணெய் மிதக்கும். கரண்டியால் வழித்து எடுத்துவிடலாம். பத்துப் புரோட்டா வாங்கி வந்துவிட்டு "ஒண்ணுதான்" என்று பிள்ளையிடம் சண்டை போடுவதில் அர்த்தமில்லை. அல்வாவும் அப்படித்தான். கோதுமைப் பாலைவிட அதில் சீனியும் நெய்யும்தான் கூடுதல். திருநெல்வேலியில் இருந்துகொண்டு அல்வா கிடையாது என்றால் பிள்ளை நம்மை மதிக்காது. சுடச்சுட 50 கிராம், இலைத்துண்டில், கடை முன்னால் நின்று தின்றுவிட்டு வருவது வேறு. கால் கிலோ வாங்கிக் குளிர்பெட்டியில் வைப்பது வேறு. லாலா கடைக் காரச்சேவும் மிக்சரும் கால் கிலோவாக வீட்டுக்குள் வந்துவிட்டால் டிவி முன்னால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியாது.

இரவுச் சாப்பாடு ஏழரை மணிக்கு. டியூசன் எட்டு மணிக்கு முடிகிறது என்றால் நேரத்தை மாற்றக் கேளுங்கள். இரண்டு பேர் கேட்டால் டியூசன் வாத்தியார் மாற்றுவார். இட்லி இரண்டோ மூன்றோ, சாம்பாரும் ஒரு வெஞ்சனமும். எது, எப்போது, எங்கே உட்கார்ந்து என்பதைப் பெரியவர்கள் தீர்மானிக்க வேண்டும்; எவ்வளவு என்பதைப் பிள்ளை தீர்மானிக்க வேண்டும். இதில்தான் ஆச்சி குறுக்கே வருவாள்.

"என்னய்யா, ரெண்டு இட்லியோட எந்திச்சிட்டே? ஆச்சிக்காக இன்னொண்ணு."

"அத்தை, அவன் போதும்னு சொல்லிட்டாம்லா, விடுங்க."

"ஆமா, நீ பிள்ளையைக் காயப்போட்டுக் கொன்னுரு."

இந்தப் பேச்சு வராத வீடு குறைவு. எதிர்த்து நின்று ஜெயிக்க முடியாது. நாலரை மணிச் சுண்டலை ஆச்சியிடம் ஒப்படைத்துவிடுவது நல்ல வழி. பிள்ளைக்குத் தன் கையால் கொடுக்கிறோம் என்ற திருப்தி அவளுக்குக் கிடைத்துவிட்டால் ராத்திரி மூன்றாவது இட்லிக்கு அவ்வளவு பிடிவாதம் இருக்காது. காணத் துவையல், அதாவது கொள்ளுத் துவையல், அரைக்கவும் தட்டப்பயறு அவிக்கவும் தெரிந்த கைதானே அது.

விளையாட்டுக்கும் அதே ஐந்து மணி நேரம்தான் இருக்கிறது. ஐந்து வயதுக்கு மேல் தினம் அறுபது நிமிசம், மூச்சு வாங்குகிற அளவு ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பிரித்துப் பிரித்துச் செய்தாலும் கணக்கில் வரும். சித்திரை வைகாசியில் ஐந்து மணிக்கு முன்னால் வெளியே விட முடியாது. ஐந்தேகாலிலிருந்து ஆறரை வரை தெரு, வ.உ.சி. மைதானம், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. அதற்குப் பிறகு டியூசன். தாமிரபரணி ஓடுகிற ஊரில் பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் போவது பெரிய நட்டம். பருமனான பிள்ளைக்கு நீச்சலும் சைக்கிளும்தான் முதலில் ஏற்றவை, உடல் பாரம் முட்டியில் விழாது. ஸ்கிப்பிங் கயிறும் ஓட்டப் பந்தயமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எடுத்த எடுப்பில் ஓடவிட்டால் மூன்றாம் நாள் கால் வலி என்று உட்கார்ந்துவிடும். ஆற்றுக்கு நீந்தத் தெரிந்த பெரியவர் கூட வராமல் அனுப்பக் கூடாது, அணையில் தண்ணீர் திறந்துவிட்ட நாளில் வேண்டவே வேண்டாம்.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு திருப்பம் இருக்கிறது. பெரிய மனுசி ஆனதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், கருப்பட்டி, நாட்டுக்கோழி முட்டை என்று வாரக்கணக்கில் போகும். உளுந்து நல்ல சாப்பாடு; குழி நிறைய எண்ணெய் ஊற்றுவதுதான் கூடுதல், ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய்க்கே 45 கலோரி. அதைவிடப் பெரிய விஷயம், அதே வாரத்தோடு தெருவில் விளையாடுவது நின்றுபோவது. நேற்று வரை கோகோ ஆடிய பிள்ளை இன்று முதல் வீட்டுக்குள். சாப்பாடு கூடி, ஓட்டம் நின்ற அந்த வருசத்தில் ஏறுகிற எடை மாதவிடாய்க் கோளாறாகவும் நீர்க்கட்டியாகவும் பதினாறு பதினேழு வயதில் டாக்டரிடம் கொண்டுபோய் நிறுத்துகிறது. களி கிண்டுங்கள், பதினைந்து நாளில் முடியுங்கள், பிள்ளையை மறுபடி மைதானத்துக்கு அனுப்புங்கள். கபடியோ ஹாக்கியோ பள்ளி டீமில் இருந்தால் எடுத்துவிடாதீர்கள்.

தூக்கம் குறைந்தாலும் எடை கூடும். ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும். குறைத்துத் தூங்கினவனுக்கு மறுநாள் பசியும் இனிப்பு ஆசையும் கூடும். செல்லைப் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடுகிற ஏற்பாடு செய்தால் பாதி வேலை முடிந்தது; அப்பா செல்லும் சேர்ந்துதான்.

பள்ளியில் செய்ய வேண்டியதும் உண்டு. கொழுப்பும் உப்பும் சீனியும் மிகுந்த பண்டங்களைப் பள்ளிக்குள்ளும் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளும் விற்கக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி போட்டது. விதி இருப்பதே பல தலைமையாசிரியர்களுக்குத் தெரியாது; பெற்றோர் கூட்டத்தில் எடுத்துச் சொல்லலாம். பிறந்த நாளுக்கு வகுப்பு முழுக்கச் சாக்லேட் என்பதற்குப் பதில் பென்சில் என்று ஒரு வகுப்பு முடிவு செய்தாலே வருசத்துக்கு முப்பது நாற்பது சாக்லேட் குறையும்.

டாக்டரிடம் போக வேண்டிய அடையாளங்கள் சில. கழுத்தின் பின்பக்கம், அக்குள் மடிப்பில் கருப்பாக, தொட்டால் வெல்வெட்டு மாதிரி தடித்திருக்கும். அழுக்கு என்று பாசிப்பயறு மாவும் எலுமிச்சம்பழத் தோலும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்குகிறவர்கள் அதிகம். அது அழுக்கு இல்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது; அதன் விளைவு தோலில் தெரிகிறது. எடை இறங்கினால் தானே மங்கும், கிரீமால் மங்காது. ராத்திரி சத்தமான குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறுவது. நொண்டி நடப்பது, இடுப்போ முட்டியோ வலிப்பது. எட்டு வயதுக்கு முன்பே பெண்பிள்ளைக்கு மார்பு வளர்வது. இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பத்து வயதுக்கு மேல் பருமன் உள்ள பிள்ளைக்கு ரத்தச் சர்க்கரை, கொழுப்பு, ஈரல் நொதி மூன்றும் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் பிள்ளைக் கைக்கேற்ற பட்டையில் பார்க்க வேண்டும். சின்னப் பட்டையைக் கட்டினால் அளவு கூடுதலாகக் காட்டும்.

"தைராய்டா இருக்கும்" என்று முதலிலேயே சோதனைக்கு ஓடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. சாப்பாட்டால் பருமனான பிள்ளை பொதுவாக வயதுக்குச் சற்று உயரமாகவே இருக்கும். பருமனாகவும் இருந்து, உயரமும் நின்றுபோயிருந்தால்தான் சுரப்பிக் கோளாறைத் தேட வேண்டும். சுவரில் போட்ட பென்சில் கோடு ஆறு மாதமாக நகரவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், டாக்டருக்கு அது பெரிய தகவல். வலிப்புக்கோ வீசிங்குக்கோ தொடர்ந்து மாத்திரை எடுக்கிற பிள்ளை என்றால் சீட்டைக் கொண்டுபோங்கள். சில மருந்து எடையைக் கூட்டும். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. எடை குறைப்பு பவுடர், டீ எதையும் பிள்ளை வாயில் வைக்க வேண்டாம்.

பிள்ளை முன்னால் "குண்டு", "தடியா" என்று விருந்தாளி யாராவது சொன்னால் பெற்றோர் சிரித்துவிட்டுப் போகக் கூடாது. கேலி கேட்ட பிள்ளை குறைவாகத் தின்பதில்லை, ஒளிந்து தின்கிறது, பி.டி. பீரியடில் ஓரமாக உட்கார்ந்துகொள்கிறது.

எடையை மாதம் ஒருமுறை, ஒரே மெஷினில், காலையில். தினம் எடை பார்த்தால் தண்ணீர் குடித்ததும் குடிக்காததும்தான் தெரியும். உயரமும் கயிறும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தீபாவளி மாதமும் கோயில் கொடை மாதமும் முழுப்பரீட்சை லீவும் ஏறத்தான் செய்யும். அந்த மாதங்களில் நின்ற இடத்திலேயே நின்றாலே நல்லது. மூன்று மாதம் கழிந்தும் கயிறு எட்டவில்லை என்றால் சோற்றைக் குறைப்பதற்கு முன் விசாரிக்க வேண்டிய இடங்கள் இவை: டியூசன் வீட்டுப் பக்கத்துக் கடை, தாத்தா கொடுக்கிற கைக்காசு, வேன் டிரைவர் நிறுத்துகிற பெட்டிக்கடை, சனிக்கிழமை போகிற சித்தி வீடு.